தண்ணீர் பிளான்ட் போடும் தம்பிமார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் போத்தல் தண்ணீர்த் தொழிலுக்குப் புதிதாக இறங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். கரையோரக் கிணறுகள் வெயில் காலத்தில் உவர்த்துப்போகும் ஊரில் அதற்குத் தேவை இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுடைய பிளான்டுக்குள் போய்ப் பார்த்தால், நாங்கள் ஆரம்பத்தில் ஆடிய அதே கூத்துகள்தான். கை கழுவு, தொப்பி போடு, பதிவில்லாமல் விற்காதே என்பதையெல்லாம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து சொல்லிவிடுவார். நான் மற்றதைச் சொல்கிறேன்.

டி.டி.எஸ். மீற்றரைக் கும்பிடுவது

அந்த மீற்றர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் உப்பைக் கணக்கிட்டுக் காட்டும். அவ்வளவுதான். ஈ.கோலை அதற்குத் தெரியாது. மலக்கிருமி கலந்த தண்ணீரிலும் அது 40 என்று அழகாகக் காட்டும். வாடிக்கையாளர் முன்னால் அதை முக்கி எடுத்து வித்தை காட்டுவதை நிறுத்துங்கள்.

திரும்பி வரும் வெற்றுப் போத்தலை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மெஷினுக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள், 19 லீற்றர் போத்தல் எந்த வீட்டுக்கு, எந்தக் கரைக்குப் போய்விட்டு வருகிறது என்று ஒருநாளும் யோசிப்பதில்லை.

இங்கே சின்னப் படகுகளின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. உங்கள் போத்தல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அதைவிட வசதியான பாத்திரம் படகுக்காரருக்கு எங்கே கிடைக்கும்? எண்ணெய் முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, பளபளவென்று திருப்பித் தருவார். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது.

ஒரு சீசனில் உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் ஒன்றுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி எனக்குப் போன் எடுத்தான். “அண்ணா, மெஷினில ஒரு பிழையும் இல்லையெண்டு கம்பனிக்காரன் சொல்றான். ஆனா தேத்தண்ணி மணக்குதாம்.” அதற்குள் மணத்தை எடுக்கும் காபன் பில்டரை மாற்றியிருந்தான், உப்பைப் பிரிக்கும் மெம்பிரேனையும் மாற்றியிருந்தான், தண்ணீரை ஆய்வுக்கும் கொடுத்திருந்தான். தண்ணீரில் குறையில்லை என்று அறிக்கை வந்திருந்தது. வேறென்ன வரும்? ஆய்வுக்குப் போனது குழாயில் பிடித்த தண்ணீர்.

நான் போய், கழுவாமல் அடுக்கியிருந்த வெற்றுப் போத்தல்களை ஒவ்வொன்றாக மூடி கழற்றி, வாயில் மூக்கை வைத்து, பக்கத்தை லேசாக அமுக்கிப் பார்த்தேன். மூலையில் நின்ற சிலவற்றிலிருந்து மண்ணெண்ணெய் குப்பென்று வந்தது. அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! ஆனால் ஹோட்டல்காரர் அதற்குள் ஒரு லொறித் தண்ணீரையும் திருப்பி அனுப்பிவிட்டார். மிச்சச் சீசன் ஓடர் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

நடப்பது இதுதான். பிளாஸ்டிக் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். கழுவினால் மேற்பரப்பில் உள்ளது மட்டும்தான் போகும். உள்ளே ஊறியது அப்படியே இருக்கும். கழுவிய கையோடு மணந்து பார்த்தால் குளோரின் வாசம்தான் தெரியும். தண்ணீரை நிரப்பிச் சூடான கொட்டிலில் இரண்டு நாள் வைத்தால் ஊறியது மெல்ல வெளியே வரும். கொதிக்க வைத்தால் இன்னும் தூக்கலாக மணக்கும். இதைவிட மோசம், கழுவும் தொட்டியில் ஒரே தண்ணீரைச் சுற்றவிடுகிறவர்கள் செய்வது: எண்ணெய்ப் போத்தல் ஒன்று உள்ளே போனால், பின்னால் வரும் நல்ல போத்தல்களுக்கும் அதே பூச்சுத்தான்.

ஆகவே மணந்து பார்ப்பது கழுவுவதற்கு முன்னால் நடக்கவேண்டும். வெற்றிலை போடுகிறவரை, சிகரெட் பிடிக்கிறவரை அந்த வேலைக்கு விடாதீர்கள். ஒரே ஆள் தொடர்ந்து மணந்தால் மூக்கு மரத்துவிடும்; ஆளை மாற்றுங்கள். சந்தேகமான போத்தலைப் பின்பக்கம் எறிந்துவிட்டு மறந்துவிடக்கூடாது. அவசர நாளில் யாராவது ஒரு பொடியன் அதை எடுத்து நிரப்பிவிடுவான். அடியில் துளை போட்டுவிடுங்கள். போத்தல் விலை வயிற்றில் எரியும்தான். ஒவ்வொரு போத்தலுக்கும் இலக்கம் எழுதி, யாரிடம் போனது என்று கொப்பியில் குறித்தால், வைப்புப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு கூட்டம் வீட்டில் பாசி பிடித்த போத்தலுக்குள் கடல் மணலைப் போட்டுக் குலுக்கிக் கழுவித் தரும். வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய கீறல்கள் வலைபோலத் தெரியும். அந்தக் கீறலுக்குள் கிருமி ஒட்டிக்கொண்டால் எந்தக் கழுவலுக்கும் அசையாது. அதற்கும் துளைதான். இதைப் பார்த்துவிட்டு நீங்களும் கோஸ்டிக் சோடா மாதிரிக் கடும் காரத்தைச் சுடச்சுட ஊற்றக் கிளம்பிவிடாதீர்கள். பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக்கில் செய்த போத்தல் அதைத் தாங்காது, வெடிப்பு விடும்.

யூ.வி. விளக்குக்குப் பிறகு பெரிய தாங்கி

யூ.வி. என்ற புற ஊதா வெளிச்சம் தன் முன்னால் ஓடும் கிருமியைத்தான் கொல்லும். தண்ணீரோடு கூடப் போகாது. மெம்பிரேனால் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் குளோரினும் மிச்சம் இருக்காது. அப்படிப்பட்ட தண்ணீரை இரவு முழுக்கத் தாங்கியில் விட்டுக் காலையில் நிரப்பினால், தாங்கிச் சுவரில் படிந்த வழுவழுப்பிலிருந்து கிருமி திரும்ப ஏறும். விளக்கைப் போத்தல் நிரப்பும் குழாய்க்கு ஒட்டி வையுங்கள்.

குழாய்த் தண்ணீரை நேரே மெம்பிரேனுக்கு விடுவது

கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது மெம்பிரேனைத் தின்றுவிடும். முன்னால் காபன் பில்டர் கட்டாயம். ஆனால் குளோரினை எடுத்த அந்தக் காபனே அப்புறம் கிருமிக்கு வீடாகும். மாற்றும் திகதியை அதன் உடம்பிலேயே எழுதி ஒட்டுங்கள்.

ஓசோனை அள்ளி விடுவது

கிருமி கொல்ல விடும் வாயு இது. கூட விட்டால் கூடச் சுத்தம் என்று நினைப்பு. கடலோரக் கிணற்றில் உப்போடு புரோமைட்டும் வரும், ஆர்.ஓ. முழுவதையும் பிடிக்காது. அதன்மேல் ஓசோன் அளவுக்கு மிஞ்சினால் புரோமேற்று என்ற கெடுதியான இரசாயனம் உண்டாகும். உலக சுகாதார நிறுவனம் அதற்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 10 மைக்ரோகிராம்தான். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கிணறு வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கேட்டு ஆய்வு செய்யவேண்டும்.

கழிவு உப்புத்தண்ணீரைக் கிணற்றடியில் விடுவது

மணல் தரை. அதே கிணற்றுக்குத்தான் திரும்பி வரும்.

வெயிலில் விநியோகம்

தண்ணீர் ஏற்றும் பட்டா லொறிக்குத் தறப்பாள் போடுங்கள்.

ஆய்வுக்கு நல்ல போத்தலாகத் தெரிவுசெய்து கொடுப்பது

புதுப் போத்தலில் பிடித்துக் கொடுத்து, வந்த அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். போத்தல் தண்ணீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 894 கேட்பது நீங்கள் விற்கிற தண்ணீரின் தரத்தை. கடையில் கிடக்கும் உங்கள் போத்தலையே, பலமுறை சுற்றி வந்த பழசாகப் பார்த்து, சீல் உடைக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதோடு குழாயில் பிடித்ததையும் கிருமி நீக்கிய மாதிரிப் போத்தலில் கொடுங்கள். ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. குழாய் மாதிரி தேறி, கடைப் போத்தல் தவறினால், மெஷின்காரனுக்குப் போன் எடுக்காமல் கழுவும் தொட்டிப் பக்கம் போங்கள்.