குழந்தை உள்ள வீட்டில் விஷப் பொருட்களை வைக்கும் முறை

எலி மருந்து, கரப்பான் மருந்து டப்பாக்களில் சாய்சதுர முத்திரை இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் நஞ்சின் அளவு: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் விஷம்தான். கையிலும் உலோகத்திலும் திரவம் சொட்டும் படம் இருந்தால் அது அரிக்கும் பொருள்.

இந்தப் படங்கள் பெரியவர்களுக்குத்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு மண்டை ஓடு வெறும் பொம்மை.

சென்னையில் பெரிய ஆபத்து முத்திரையே இல்லாத பாட்டில். தெருவில் வாங்கும் ஃபினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எல்லாம் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் வருகின்றன. தாகத்தில் குழந்தை அப்படியே வாயில் வைத்துவிடும். அந்தப் பாட்டிலில் வாங்கவே வாங்காதீர்கள். விஷப் பொருட்களைச் சிங்க்குக்கு அடியில் வைக்காமல், பெரியவர் தோளுக்கு மேல் உள்ள அலமாரியில் பூட்டி வையுங்கள். பூஜை அறைக் கற்பூரம், கொசுவிரட்டி ரீஃபில், தாத்தாவின் சர்க்கரை மாத்திரை ஆகியவையும் அங்கேதான். கற்பூரம் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போகும், ஆசிட் தொண்டையை மறுபடி பொசுக்கும். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். அல்லது எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். எலி பேஸ்ட் என்றால், குழந்தை ஓடியாடினாலும் காத்திருக்கக் கூடாது. கல்லீரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.