நிறுத்தி வைத்த கார் சும்மா சும்மா அலறுகிறதா? காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்

ராத்திரி ஒரு மணிக்கு அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஒரு கார் அலற ஆரம்பித்தால் முதலில் முழித்துக்கொள்வது கைக்குழந்தைகளும் வயசானவர்களும்தான். கார்க்காரர் ஐந்தாவது மாடியில் ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்குவார், அவருக்குக் கேட்காது. வாட்ச்மேன் போய் எழுப்பினால் பால்கனியில் நின்று ரிமோட்டை அழுத்தி அணைப்பார், அரை மணி நேரத்தில் மறுபடியும் அலறும். காலையில் நேராக ஒரு கடைக்குப் போய் "அந்த அலாரத்தையே கழட்டிடுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அலாரம் காரணமில்லாமல் கத்துவது ரொம்ப அபூர்வம். கதவு சரியாக அமரவில்லை, பேட்டரி இறங்குகிறது, எலி வயரைக் கடித்திருக்கிறது என்று ஏதாவது ஒன்று நடந்திருக்கும். அதைப் பார்க்காமல் அலாரத்தைக் கழட்டினால் அந்தக் கோளாறு அப்படியே காருக்குள் இருக்கும், திருட்டுக்கு இருந்த காவலும் போய்விடும்.

இதற்குப் பெரிய கருவிகள் எதுவும் வேண்டாம். ஒரு டார்ச், சின்ன ஸ்க்ரூடிரைவர், எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர், காரோடு கொடுத்த ஓனர்ஸ் மேனுவல், இவ்வளவு போதும். கூடவே இரண்டு மூன்று நாள் பொறுமையும் வேண்டும், ஏனென்றால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் உண்மையான காரணம் பிடிபடும்.

முதல் படி: இப்போதைக்கு அணைப்பது

ரிமோட்டில் அன்லாக் அழுத்துங்கள். அணையவில்லையா, சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்யுங்கள், பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் ரிமோட்டை பட்டன் அருகிலேயே பிடித்து ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் லாக் செய்த காரை வெறும் சாவியால் கதவில் திறந்தால் பல கார்களில் அலாரம் அடிக்கும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், இக்னிஷன் ஆன் ஆனதும் நின்றுவிடும். ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அதற்குள் இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலான ரிமோட்டுகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரிதான், வாட்ச் ரிப்பேர் கடையில்கூடக் கிடைக்கும்.

ஆத்திரத்தில் பேட்டரி டெர்மினலைப் பிடுங்கிவிடாதீர்கள். சில சைரன்களுக்கு உள்ளேயே தனியாக ஒரு சின்ன பேட்டரி இருக்கும், மெயின் பேட்டரியைத் துண்டித்தால் திருடன்தான் துண்டிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விடாமல் அலறும்.

இரண்டாவது படி: எப்போது அடிக்கிறது என்று எழுதி வையுங்கள்

ஆரம்பத்தில் இது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும், அதனால் நேரத்தையும் அப்போது சுற்றி என்ன நடந்தது என்பதையும் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள்.

லாக் செய்த ஒரு நிமிஷத்துக்குள் அடித்தால் ஏதோ ஒரு சென்சார் விழித்துக்கொண்ட உடனேயே பிரச்சினையைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஜன்னல் சற்றுத் திறந்திருக்கிறதா, உள்ளே ஏதாவது ஆடுகிறதா, கதவு முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகு ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று ஓடும் பாருங்கள், அது பேட்டரியில் இருந்து கரண்டை இழுப்பதைக்கூட, வோல்டேஜைக் கவனிக்கும் வகையைச் சேர்ந்த சில பழைய அலாரங்கள் கதவு திறந்ததாக நினைத்துக்கொள்ளும். பஸ், லாரி, புல்லட் மாதிரி கனமான சத்தம் வரும் வண்டி கடக்கும்போதோ, இடி இடிக்கும்போதோ, தீபாவளி வெடிக்கோ அடித்தால் அதிர்வு சென்சார். பல மணி நேரம் சும்மா இருந்துவிட்டு விடியற்காலை 3, 4 மணிக்கு அடித்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள், வெப்பம் குறையும்போது ஏற்கெனவே சோர்ந்துபோன பேட்டரியின் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும், அதை யாரோ கை வைத்ததாக அலாரம் நினைத்துக்கொள்ளலாம். மழை பெய்த மறுநாள், வாட்டர் வாஷ் முடிந்த மறுநாள் என்றால், பானெட் மூடியிருக்கிறதா என்று அலாரத்துக்குச் சொல்லும் பானெட் சுவிட்ச் பக்கம் போங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் நினைத்த நேரத்துக்கு அடித்தால் வயரிங், அதாவது எலி அல்லது அரைகுறையாக முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு.

உங்கள் காரில் இருப்பது எந்த அலாரம் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கம்பெனியிலேயே வந்த அலாரம், விலை குறைந்த கார்களில் பெரும்பாலும் கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றை மட்டும்தான் கவனிக்கும். ஆக்சஸரீஸ் கடையில் மாட்டியதில் இவற்றோடு அதிர்வு சென்சாரும் இருக்கும். விலை கூடிய கார்களில் உள்ளே அசைவைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார், வண்டியைத் தூக்கினால் கண்டுபிடிக்கும் சாய்வு சென்சார் இரண்டும் இருக்கலாம். வெளியே மாட்டிய பல அலாரங்களில் ஒரு வசதி உண்டு. அலாரம் அடித்த பிறகு அன்லாக் செய்தால் டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சிவப்பு விளக்கு சில தடவை மினுக்கும், எத்தனை தடவை என்பதை வைத்துக் கதவா, பானெட்டா, அதிர்வா என்று தெரியும். எந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்பது அலாரத்தோடு வந்த தாளில் இருக்கும். அந்தத் தாளைத் தேடி எடுங்கள், நிறையப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது படி: கதவு, டிக்கி, அப்புறம் முக்கியமாக பானெட்

இருட்டான இடத்தில் நிறுத்திவிட்டுக் கேபின் லைட்டைக் கதவோடு எரியும்படி வையுங்கள். எல்லாக் கதவையும் மூடி உள்ளே உட்காருங்கள். லைட் அணைகிறதா? டேஷ்போர்டில் கதவு திறந்திருக்கும் படம் போகிறதா? இப்போது ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்தே முழங்கையால் இடித்துப் பாருங்கள். லைட் ஒரு கணம் மினுக்கினால்கூட அந்தக் கதவின் சுவிட்ச்தான் குற்றவாளி. பழைய கார்களில் கதவு நிலையில் ரப்பர் தொப்பி போட்ட சின்னப் பொத்தான் மாதிரி இருக்கும், அதைச் சுத்தம் செய்வதும் மாற்றுவதும் சுலபம். புதிய கார்களில் இது கதவின் பூட்டுக்குள்ளேயே இருக்கும் மைக்ரோ சுவிட்ச். கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மூடும் திசையில் தள்ளினால் கதவு மூடியதாக கார் நினைத்துக்கொள்ளும், அப்போது டேஷ்போர்டு விளக்கு அணைய வேண்டும். சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை மறுபடி விடுவித்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும், மறந்து அப்படியே சாத்தினால் பூட்டு உடைந்துபோகும்.

டிக்கியில் சாமான் திணித்து அழுத்தி மூடும் பழக்கம் இருந்தால் அங்கேயும் ஒரு முறை பாருங்கள்.

பானெட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், காரணம் தெரியாமல் அலறும் கார்களில் நான் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். பானெட் சுவிட்ச் பூட்டு அருகிலோ ஓரத்திலோ இருக்கும், மழைத் தண்ணீர், எஞ்சின் சூடு, தூசி மூன்றையும் வாங்கிக்கொண்டு யாரும் கவனிக்காமல் கிடக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்றால் இன்னும் சீக்கிரம் துரு பிடிக்கும். பானெட்டைத் தூக்கி அந்தச் சுவிட்சை விரலால் அழுத்தி விடுங்கள். வழவழவென்று உள்ளே போய் உடனே மேலே துள்ளி வர வேண்டும், இழுத்துக்கொண்டு மெதுவாக வந்தாலோ பாதியில் நின்றாலோ சுத்தம் செய்யும் நேரம் வந்துவிட்டது. எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டால் ஸ்ப்ரே கிடைக்கும், அடித்துவிட்டுப் பல தடவை அழுத்தி விடுங்கள், கனெக்டரையும் கழட்டி உள்ளே பச்சையாகப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சுவிட்சில் இரண்டு வயர்தான் இருந்தால் மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலைக்கு மாற்றி இரண்டு முனையிலும் வைத்து அழுத்தி விடுங்கள். ஒரு நிலையில் பீப், மறு நிலையில் அமைதி என்று தெளிவாக மாற வேண்டும். விட்டு விட்டுப் பீப் வந்தால் புதுசு வாங்கிவிடுங்கள்.

சுவிட்ச் நன்றாக இருந்தும் பிரச்சினை வரலாம். பானெட்டின் இரண்டு ஓரத்திலும் அதைத் தாங்கும் ரப்பர் கட்டைகள் இருக்கும் பாருங்கள், பல கார்களில் அவை திருகினால் உயரம் மாறும். முன்பக்கம் சின்னதாக இடித்துச் சரி செய்த வண்டிகளில் இந்த உயரம் மாறிப்போய் பானெட் சுவிட்சைச் சரியாக அழுத்தாமல் விளிம்பில் நிற்கும், காற்று அடித்தால் போதும், அலாரம் அடிக்கும். பானெட்டை மூடிய பிறகு இரண்டு கையாலும் மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆட்டம் போகும் வரை சரி செய்யுங்கள்.

நான்காவது படி: பேட்டரி

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். 12.6 வந்தால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இப்போது ஸ்டார்ட் செய்து மறுபடி அளந்தால் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் சரியாகச் சார்ஜ் செய்யவில்லை. நம் ஊர் வெயிலில் கார் பேட்டரி 3, 4 வருஷம் உழைத்தாலே நல்லது, உங்களுடையது அந்த வயதைத் தாண்டிவிட்டதா என்று மேலே ஒட்டிய தேதியைப் பாருங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கழட்டும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரை அன்லாக் செய்துவிட்டு மேனுவலில் சொன்னபடி கழட்டுங்கள், அப்போதுதான் சைரன் அலறாது.

வாரக்கணக்கில் எடுக்காமல் நிற்கும் வண்டி என்றால் பேட்டரி நல்லதாக இருந்தாலும் இறங்கத்தான் செய்யும். வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டுங்கள், நிறுத்திய இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுவதால் பெரிதாகப் பலன் இல்லை.

ஐந்தாவது படி: அதிர்வு சென்சார்

கடையில் மாட்டிய அலாரம் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே டேஷ்போர்டு உள்பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும், அதில் திருகுவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும். திருகுவதற்கு முன்னால் அது கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் டபுள் சைடு டேப்பில்தான் ஒட்டுகிறார்கள், வெயிலில் நின்று நின்று பசை உருகிப் பெட்டி வயரில் தொங்கிக்கொண்டிருக்கும், தொங்கினால் ஆடும், ஆடினால் அடிக்கும். அங்கே போகும் கெட்டியான கம்பியோடு ஒரு கேபிள் டை போட்டு இறுக்குங்கள். அந்தப் பகுதியில் மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கனெக்டரோ தெரிந்தால் தொடாதீர்கள், அது ஏர்பேக் வயர்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அடித்தால் மட்டும் உணர்வைக் குறையுங்கள். அந்தத் துளையில் கால் சுற்று மட்டும் திருப்பி, லாக் செய்து ஒரு நிமிஷம் காத்திருந்து, முன்பக்கக் கண்ணாடித் தூணில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். லேசாகத் தட்டினால் சும்மா இருக்க வேண்டும், பலமாகத் தட்டினால் அடிக்க வேண்டும். ஒரேயடியாகக் கடைசி வரை திருப்பிவிட்டால் கண்ணாடியை உடைத்தாலும் அடிக்காமல் போகலாம். காருக்கு உறை போடுகிறீர்கள் என்றால் அது காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளாமல் அடியில் கட்டுங்கள்.

ஆறாவது படி: காருக்குள்ளே

அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கும் கார்களில் ஜன்னலை விரலளவு திறந்து விட்டாலே போதும், காற்று உள்ளே புகுந்து அலாரத்தைக் கிளப்பிவிடும். கண்ணாடியில் தொங்கும் பொம்மை, மாலை, சரிந்து விழும் சன் ஷேடு, உள்ளே மாட்டிக்கொண்ட ஈ, சென்சார் மேலேயே ஊர்ந்துபோகும் சிலந்தி எல்லாமே காரணமாகலாம். இந்த சென்சாரை மட்டும் ஒரு ராத்திரிக்கு நிறுத்தி வைக்க பல கார்களில் வழி இருக்கிறது, மேனுவலில் பாருங்கள். நிறுத்திய ராத்திரி அமைதியாகப் போனால் உள்ளேதான் விஷயம்.

எலியையும் விடாதீர்கள். பானெட்டுக்குள் கடித்த நுரை, புழுக்கை, உரிந்த வயர் தெரிந்தால் அலாரம் அதில் சின்னப் பிரச்சினைதான், அந்த வயரில் ஷார்ட் ஆனால் வண்டியே எரியலாம். அன்றைக்கே ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

எலக்ட்ரீசியனிடம் போகும்போது

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எழுதி வைத்த நேரங்கள், விளக்கு எத்தனை தடவை மினுக்கியது, காலையில் பேட்டரி எத்தனை வோல்ட், எதையெல்லாம் ஏற்கெனவே சோதித்தீர்கள், சமீபத்தில் டேஷ்கேம், ஸ்பீக்கர், விளக்கு என்று புதிதாக என்ன மாட்டினீர்கள் என்று சொல்லுங்கள். லாக் செய்து அரை மணி நேரம் கழித்துப் பேட்டரியில் இருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று அளக்கச் சொல்லுங்கள், பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு ஃப்யூஸாக எடுத்துப் பார்த்து எந்த இணைப்பு தின்கிறது என்று அவர் கண்டுபிடிப்பார். வாரண்டி முடியாத வண்டி என்றால் எந்த வயரையும் வெட்ட விடாமல் முதலில் சர்வீஸ் சென்டரிலேயே கேளுங்கள்.

சரியாகும் வரைக்கும் உங்கள் ஃபோன் நம்பரை எழுதிக் கண்ணாடியின் உள்பக்கம் வைத்துவிடுங்கள், வாட்ச்மேனிடமும் கொடுங்கள், ராத்திரி ஃபோனை சைலண்டில் போடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கான அளவு 45 டெசிபல்தான், கார் சைரன் அதை எங்கேயோ தாண்டிவிடும். கடையில் மாட்டிய அலாரத்தில் வேலே என்று ஒரு நிலை இருக்கும், அதில் வைத்தால் சென்ட்ரல் லாக் மட்டும் வேலை செய்யும், சைரன் அடிக்காது. கேட் போட்ட பார்க்கிங் என்றால் ஓரிரு ராத்திரிக்கு அதில் விட்டு வையுங்கள், தெருவில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஸ்டியரிங் பூட்டு ஒன்றையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.