வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கணமும் பந்தி எழுதுதலும்: எங்கிருந்து தொடங்குவது?

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கணிதம், ஆங்கிலம், சுற்றாடல் எல்லாம் எப்படியோ ஓடிவிடும், தமிழ் இலக்கணம் என்று வந்தால்தான் தடுமாற்றம். பெயர்ச்சொல் என்றால் என்ன, வினைச்சொல் என்றால் என்ன என்று வரைவிலக்கணத்தை எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்வார்கள், பிள்ளையும் கடகடவென்று ஒப்புவிக்கும், ஆனால் நாலு வசனம் சேர்த்து எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான். இலக்கணத்தைப் பிள்ளையின் வாயில் வருகிற வசனத்திலிருந்து எடுங்கள், இலக்கணப் பெயர்களைக் கடைசிக்கு வையுங்கள். கீழே இருப்பது 7 முதல் 10 வயது வரை உள்ள, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கான முறை.

தேவையானவை அதிகமில்லை. ஒற்றை றூல் கொப்பி ஒன்று, பென்சில், கத்தரிக்கோல், பழைய கலண்டர் மட்டை. இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ்ப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். எதற்குப் பிறகு எது என்று பார்க்க அவை நல்லவை. ஆனால் அங்குள்ள பயிற்சிகளை முதல் நாளே பிள்ளைக்கு முன்னால் வைக்காதீர்கள்.

முதலில் பேச்சு, பிறகு எழுத்து

பிள்ளையை ஏதாவது நடந்த கதை சொல்லச் சொல்லுங்கள். அது சொல்வதை, ஒரு சொல் கூட மாற்றாமல், நீங்கள் கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதுங்கள். இப்படி வரும்:

"நேத்து நானும் அப்பாவும் கோல்பேஸுக்குப் போனாங்கள். அப்பா பட்டம் வாங்கித் தந்தவர். சரியான காத்து. நூல் அறுந்து பட்டம் கடலுக்குள்ள விழுந்திட்டுது."

இப்போது வலப்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுத்துத் தமிழுக்கு மாற்றுங்கள்:

"நேற்று நானும் அப்பாவும் காலிமுகத்திடலுக்குப் போனோம். அப்பா பட்டம் வாங்கித் தந்தார். காற்று வேகமாக அடித்தது. நூல் அறுந்து பட்டம் கடலுக்குள் விழுந்துவிட்டது."

இடப்பக்கம் பிழை, வலப்பக்கம் சரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொழும்பில் ஒரே தொடர்மாடியில் யாழ்ப்பாணப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் கேட்கும். அம்மம்மாவோடு கதைக்கிற தமிழ் பிழை என்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கினால் அது கதைப்பதையே குறைத்துவிடும். "இது சொல்கிற மாதிரி, இது எழுதுகிற மாதிரி" என்றால் போதும், எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்.

சரி, இந்த நாலு வசனத்திலேயே எவ்வளவு இலக்கணம் இருக்கிறது பாருங்கள்: 'போனாங்கள்' எப்படிப் 'போனோம்' ஆனது, 'தந்தவர்' எப்படித் 'தந்தார்' ஆனது, 'சரியான காத்து' என்று நின்ற இடத்தில் ஏன் 'அடித்தது' என்று ஒரு வினை வந்தது. ஒரு கதைக்கு இதில் ஒன்றை மட்டும் பேசுங்கள்.

யார்? என்ன செய்தார்?

வினையைக் கையில் எடுத்து "யார்?" என்று கேட்கப் பழக்குங்கள். தந்தார், யார் தந்தார்? அப்பா. விழுந்தது, எது விழுந்தது? பட்டம். இது வாயால் ஓடத் தொடங்கியதும் கலண்டர் மட்டையை வெட்டி நான், நாங்கள், நீ, அவன், அவள், அவர், அவர்கள், அது, அவை என்று எழுதிக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளை ஒன்றை எடுத்து 'வா' என்ற வினையோடு சேர்க்கட்டும்: நான் வந்தேன், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள்.

இரண்டு இடத்தில் கட்டாயம் சறுக்கும். ஒன்று, 'அவை'. நம்மில் பலர் வீட்டில் ஆட்களைத்தான் 'அவை' என்கிறோம், மாமா வீட்டாரை "மாமாவை வந்திட்டினம்" என்கிறோம். எழுத்தில் ஆட்களுக்கு 'அவர்கள்', பொருட்களுக்கும் விலங்குகளுக்கும்தான் 'அவை'. மற்றது அஃறிணைப் பன்மை, அதாவது ஆட்கள் அல்லாதவை ஒன்றுக்கு மேல் வரும்போது. பேச்சில் "ரெண்டு நாய் ஓடினது" என்றுதான் வரும், அதனால் எழுத்திலும் "நாய்கள் ஓடியது" என்று எழுதும். இதைக் கொப்பியில் திருத்துவதை விட வெளியில் போய்ச் சொல்லிப் பழகுவது வேகமாகப் பிடிபடும். மரீன் டிரைவில் நடக்கும்போது, கோச்சி வந்தது, அலைகள் வந்தன, காகம் பறந்தது, காகங்கள் பறந்தன என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டு போங்கள்.

வேற்றுமைக்கும், அதாவது பெயரோடு ஐ, ஆல், கு போன்ற உருபு சேர்ந்து பொருள் மாறுவதற்கும், இதே வழிதான். இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று எண்ணைச் சொல்லாமல் யாரை, எதால், யாருக்கு, எங்கிருந்து, யாருடைய, எங்கே என்று கேள்வியாகக் கேட்டு ஒரே வசனத்தை நீட்டச் சொல்லுங்கள்.

ஒற்று: மூன்று விதி போதும்

இரண்டு சொல்லுக்கு நடுவில் க், ச், த், ப் என்ற ஒற்று எங்கே வரும் என்பதற்கு, வல்லினம் மிகும் இடங்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. இந்த வயதுக்கு அது வேண்டாம். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால், மூன்று இடத்தில் மட்டும் ஒற்றுப் போடச் சொல்லுங்கள். 'ஐ' உருபுக்குப் பிறகு: பட்டத்தைப் பிடித்தேன். 'கு' உருபுக்குப் பிறகு: கடைக்குப் போனோம். அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பிறகு: அந்தக் கடை. சேர்த்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், காதே காட்டிக்கொடுக்கும்.

இதைப் படித்த உற்சாகத்தில் பிள்ளை "தம்பிக் கேட்டான்" என்றும் எழுதும். அதனால் மிகாத இரண்டு இடத்தையும் அதே கிழமை காட்டிவிடுங்கள்: செய்தவரின் பெயருக்குப் பிறகு வராது (தம்பி கேட்டான்), 'வாங்கிய', 'வந்த' போன்ற சொற்களுக்குப் பிறகும் வராது (வாங்கிய பட்டம், வந்த பிள்ளை). ல, ள, ழ மயக்கத்துக்குத் தனி விதி தேடி அலைய வேண்டாம், அது வாசிக்க வாசிக்கத்தான் சரிவரும்.

இனிப் பந்தி

தலைப்பைச் சின்னதாக்குங்கள். 'எனது நாடு' என்று கொடுத்தால் பெரியவர்களுக்கே கை ஓடாது. பின்னேரம் ஒழுங்கைக்குள் வருகிற சூன் பாண் வண்டியைக் கொடுத்துப் பாருங்கள். தானாக எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"பாண் வண்டி வரும். பாண் வண்டியில் பாட்டு கேட்கும். பாண் வண்டியில் பணிஸ் இருக்கும். நான் பணிஸ் வாங்குவேன். எனக்கு ஐஸ்கிரீமும் பிடிக்கும்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் இது இன்னும் பந்தி ஆகவில்லை. இப்போது கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வரும்? வருகிறது என்று எப்படித் தெரியும்? கேட்டவுடன் நீ என்ன செய்வாய்? பெட்டிக்குள் என்னென்ன இருக்கும்? அதில் எது வேண்டும், ஏன்? ஒவ்வொரு பதிலையும் தனித்தனிக் கடதாசித் துண்டில் எழுதட்டும். துண்டுகளைத் தரையில் பரப்பி எது முதல், எது பிறகு என்று பிள்ளையே அடுக்கட்டும். இந்தக் கதைக்குள் சேராத துண்டு எது என்றும் கேளுங்கள். ஐஸ்கிரீமை அதுவே எடுத்து வெளியே வைக்கும். பந்தி எழுதுவதில் முக்கால் வாசி அந்த இடத்தில்தான் நடக்கிறது, அவசரப்படுத்தாமல் விடுங்கள். கடைசியில் அடுக்கியதைக் கொப்பியில் எழுதினால்:

"பின்னேரம் ஐந்து மணியானால் எங்கள் ஒழுங்கைக்குப் பாண் வண்டி வரும். அது முடக்கில் திரும்ப முன்பே பாட்டு கேட்கும். உடனே நான் அம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு கீழே ஓடுவேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பாண், மாலுபாண், பணிஸ் எல்லாம் அடுக்கியிருக்கும். ஆனால் எனக்குக் கிம்புலா பணிஸ்தான் வேண்டும், ஏனென்றால் அதன் மேல் சீனி தூவியிருக்கும்."

உடனே, ஆனால், ஏனென்றால், அதனால், பிறகு: இந்த இணைப்புச் சொற்களை ஒரு மட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். ஒரு பந்தியில் குறைந்தது இரண்டு வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

திருத்தும்போது சிவப்புப் பேனையை எடுக்காதீர்கள். ஒரு பந்தியில் ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள். இன்று ஒற்று என்றால் ஒற்று மட்டும், மற்றதெல்லாம் கண்ணில் பட்டாலும் விடுங்கள். பக்கம் முழுக்கத் திருத்தம் இருந்தால் அடுத்த நாள் பிள்ளை மூன்று வசனத்தோடு நிறுத்திக்கொள்ளும், பிழை வராத பாதுகாப்பான மூன்று வசனம்.

ஒரு பந்தி தடையில்லாமல் வரத் தொடங்கியதும் ஊரில் இருக்கிற அம்மம்மாவுக்குக் கடிதம் எழுத வையுங்கள். ஒரு பந்தியில் ஒரு செய்தி, அடுத்த செய்திக்கு அடுத்த பந்தி. உண்மையாகவே முத்திரை ஒட்டி அனுப்புங்கள். வாசிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்றால் எழுத்தே மாறிவிடும்.

பெயர்கள் கடைசியில்

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு எழுவாய் (யார்?), பயனிலை (என்ன செய்தார்?), செயப்படுபொருள் (யாரை, எதை?) என்ற பெயர்களைச் சொல்லுங்கள். தெரிந்த ஒன்றுக்குப் பெயர் வைப்பதால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இதை எழுத்துப் பயிற்சியாக்காமல் கேள்வி பதிலாகவே வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் பிள்ளைகளுக்கான இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார், அந்த முறை இன்றைக்கும் வேலை செய்கிறது.

காலி வீதியில் பஸ்ஸில் போகும்போது பலகைகளே பாடப் புத்தகம். "இங்கே குப்பை கொட்டாதீர்கள்" என்று ஒரு மதிலில் எழுதியிருந்தால், 'குப்பை'க்குப் பிறகு ஏன் ஒற்று வரவில்லை என்று கேளுங்கள். 'குப்பையை' என்று இருந்தால்தானே 'குப்பையைக் கொட்டாதீர்கள்' என்று வரும், இங்கே 'ஐ' வெளியில் தெரியவில்லை. அடுத்தது, யார் கொட்டக் கூடாது? வசனத்தில் அந்த ஆள் இல்லை. பிள்ளை கொஞ்சம் யோசித்து "நீங்கள்" என்று சொல்லிவிட்டால், சொல்லாமல் மறைந்திருக்கிற அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர் என அந்த இடத்திலேயே சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போங்கள்.