கான்டோரைக் குனிந்து பார்த்துப் படம் எடுக்கலாம்

பறவைப் படம் என்றாலே அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். அரிசோனாவின் நவாஹோ பாலத்தில் நிலைமை தலைகீழ். கொலராடோ ஆற்றுக்கு 142 மீட்டர் மேலே நாம் நிற்க, கலிஃபோர்னியா கான்டோர் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு நம் காலுக்குக் கீழே பறக்கும். 1982-இல் வெறும் 22 தான் மிஞ்சியிருந்த பறவை இது. வேறு இடங்களில் வளர்த்த பறவைகளை 1996 முதல் பக்கத்திலுள்ள வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் பறக்கவிடுகிறார்கள்.

முதலில் இடம். அங்கே இரண்டு பாலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. 1929-இல் கட்டிய பழையதில் இப்போது வண்டி ஓடாது, நடப்பவர்களுக்கு மட்டும்தான். அதில் ஏறுங்கள்.

அடுத்து நேரம். கான்டோர் இறக்கை விரித்தால் கிட்டத்தட்ட 2.9 மீட்டர். அவ்வளவு பெரிய உடம்பை இறக்கை அடித்தே தூக்கிப் பறப்பது அதற்குக் கட்டுப்படியாகாது; பாறை சூடாகி வெப்பக்காற்று எழும்பும் வரை காத்திருக்கும். அதனால் காலையிலேயே போய், பாலத்தின் இரும்புச் சட்டங்களில் வெயில் காயும் பறவை இருந்தால் அதை முதலில் எடுங்கள். கோடையில் கைபேசிக் கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். பாலத்தின் கிழக்கு முனை நவாஹோ பழங்குடியினரின் நிலம். அங்கே கோடையில் கடிகாரம் அரிசோனாவின் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும்; கைபேசி அந்த நேரத்துக்கு மாறிவிடலாம். அது தெரியாமல் நான் இருட்டில் போய் நின்றேன்.

கறுப்பாக எது பறந்தாலும் கிளிக் செய்ய வேண்டாம். இறக்கையை 'வி' போலத் தூக்கிக்கொண்டு தள்ளாடினால் அது வான்கோழிக் கழுகு. பலகை மாதிரி அசையாமல் மிதந்து, இறக்கையில் எண் பட்டையும் தெரிந்தால் கான்டோர்.

சரி, கேமரா. 400 மி.மீ. வரை போகும் ஜூம் போதும். ஷட்டர் 1/2000, ஐஎஸ்ஓ ஆட்டோ, தொடர் ஃபோகஸ், பர்ஸ்ட் (அடுக்கடுக்காகப் படமெடுக்கும் முறை). சிக்கலே வெளிச்சத்தில்தான். வானம் பின்னணியாக இருந்தால் பறவை கரிக்கட்டை ஆகிவிடும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 ஏற்றுங்கள். கீழே நிழல் படிந்த பள்ளம் பின்னணி என்றால் கேமரா ஏமாந்து படத்தை வெளுக்கவைக்கும்; −0.7 அளவுக்கு இறக்குங்கள். வெயில் விழுந்த செம்பாறைக்கு எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும், லென்ஸ் மூடி பைக்குள் போகட்டும். என் லென்ஸ் ஹூட் ஆற்றோடு போய்விட்டது. டிரோனுக்குத் தடை, தீனி போடுவதும் கூடாது.

வெயில் ஏறியதும் தூரத்துப் படங்களில் கானல் ஆடும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது, பெட்டியை மூடிவிடலாம். அதற்கு முன்னால் எண் பட்டை தெளிவாக விழுந்த படம் ஒன்று இருக்கிறதா பாருங்கள். அந்த எண் இருந்தால் அது எந்த ஆண்டு பிறந்த பறவை என்று தேடிப் பார்க்கலாம்.