படம் கரியாகிறதா, வெளுக்கிறதா? கேமராவைக் கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். படம் இருட்டாக வருகிறது, வெள்ளையாக வெளுக்கிறது, பட்டனை அழுத்தினால் ஷட்டர் அடிக்கவே மாட்டேன் என்கிறது என்று யார் வந்து நின்றாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக என்ன எடுத்தீர்கள்?" என்பதுதான். நிலாவை எடுத்திருப்பார்கள், அல்லது மேடைக் கச்சேரி. அதற்காகத் திருப்பிய டயல் இன்றும் அதே இடத்தில் நிற்கும்.

சொந்த அனுபவம்தான். தங்கை மகளின் காதுகுத்தில் நாற்பது படம் எடுத்தேன், நாற்பதும் கரி. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைத் துடைத்தேன், மண்டபத்து விளக்குகளைத் திட்டினேன். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் மைனஸ் 3-இல் இருந்ததைக் கவனித்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துவிட்டார்கள்.

படி 1: பழைய திருகல்களை நேராக்குங்கள்

பிளஸ், மைனஸ் குறி போட்ட பட்டன்தான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன். திரையில் அந்த அளவுகோலின் முள் நடுவில், 0-இல் நிற்க வேண்டும். பல கேமராக்களில் அணைத்துப் போட்டாலும் இது பழைய இடத்திலேயே இருக்கும்.

அடுத்து ஐஎஸ்ஓ, அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற எண். இரவில் வைத்த 6400-ஐ மறந்துவிட்டு மறுநாள் மொட்டை மாடி வெயிலில் எஃப் 5.6-இல் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது) எடுத்தால், சரியான படத்துக்கு ஷட்டர் வேகம் 1/50,000 நொடி அளவுக்குத் தேவைப்படும். துவக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் கழற்றி மாட்டும் கேமராக்கள்) ஷட்டரின் உச்ச வேகமே பெரும்பாலும் 1/4000-தான். அப்புறம் படம் வெளுக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது, மோடு டயல். துளை, ஷட்டர் வேகம் இரண்டையும் நாமே வைக்கும் 'எம்' மோடில் ஐஎஸ்ஓவும் ஆட்டோவில் இல்லையென்றால், வெளிச்சம் போதவில்லை என்று மீட்டர் (கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவி) காட்டும். அதற்கு மேல் கேமரா எதையும் மாற்றாது. மாற்ற வேண்டியது நீங்கள்.

எதை மாற்றினோம் என்றே நினைவில்லையா? மெனுவில் ரீசெட் கொடுத்துவிடுங்கள். அது படங்களை அழிக்காது. படங்களை அழிப்பது ஃபார்மேட். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 2: மீட்டர் ஏமாறுகிறதா என்று பாருங்கள்

எதிரே இருப்பது வெள்ளை வேட்டியா, கறுப்புப் பூனையா என்பது சாதாரண மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் வெள்ளை வேட்டி கூட்டம் அழுக்கு வேட்டி கூட்டமாக விழும். கறுப்புப் பூனை சாம்பல் பூனையாகும். வெள்ளைக்குப் பிளஸ் 1, கறுப்புக்கு மைனஸ் 1 என்று ஆரம்பித்துப் பாருங்கள். ஒரு புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் வைத்திருந்தால் இந்தக் கூத்து இன்னும் பெரிதாகும். நடுப்புள்ளி சட்டையில் விழுந்தால் ஒரு படம், முகத்தில் விழுந்தால் வேறு படம். கற்றுக்கொள்ளும் காலத்தில் முழுச் சட்டத்தையும் அளக்கும் முறையே போதும்.

டிஎஸ்எல்ஆரை முக்காலியில் வைத்துத் தள்ளி நின்று எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகப் பின்னாலிருந்து வெயில் புகுந்து மீட்டரைக் குழப்பும், படம் இருட்டாகும். சில கேமராக்களைத் தோளில் மாட்டும் வாரில் கோத்து வரும் சின்ன ரப்பர் துண்டு அந்தத் துளையை மூடத்தான். அது எதற்கென்று தெரியாமல் வருடக்கணக்கில் சுமந்தவன் நான்.

படி 3: சுவர்ச் சோதனை

இவ்வளவும் சரியாக இருந்தும் படம் சரியில்லை என்றால், பழுது லென்ஸிலா பாடியிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வேண்டியது நல்ல வெயில் நேராக விழும் ஒரு சுவர். சுண்ணாம்பு வெள்ளை வேண்டாம். செங்கல், மண் நிறம் நல்லது. ஃபிளாஷை அணையுங்கள். கூடவே வந்த ஜூம் லென்ஸ் என்றால் அகலமான (அதிக இடம் தெரியும்) முனையில் வையுங்கள். 'எம்' மோடு, ஐஎஸ்ஓ 100. மேகம் மறைப்பதற்குள் ஐந்து படம்:

எஃப் 16, 1/125
எஃப் 11, 1/250
எஃப் 8, 1/500
எஃப் 5.6, 1/1000
எஃப் 4, 1/2000

துளை ஒரு படி பெரிதாகும்போது நேரம் பாதியாகிறது. அதனால் ஐந்திலும் சுவர் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் தெரிய வேண்டும். தெரிந்தால் துளையும் ஷட்டரும் நலம். படி 1, 2-க்குத் திரும்புங்கள். நல்ல வெயிலுக்கு எஃப் 16, ஐஎஸ்ஓ 100, நொடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது ஃபிலிம் காலத்து மனக்கணக்கு. மீட்டர் இல்லாத கேமராக்களில் அதை நம்பித்தான் எடுத்தார்கள்.

எஃப் 4 படம் நன்றாக இருந்து, எஃப் 8, 11, 16 என்று போகப் போக வெளுத்துக்கொண்டே வந்தால் குற்றவாளி லென்ஸ். டிஎஸ்எல்ஆரில் நீங்கள் பார்க்கும்போது துளை முழுதாகத் திறந்திருக்கும். படம் எடுக்கும் அந்தக் கணத்தில்தான் தகடுகள் சுருங்கும். எண்ணெய் படிந்தோ உள்ளே ஏதோ உடைந்தோ அவை சுருங்காமல் நின்றால், எஃப் 16 என்று திரை சொல்லும், துளை எஃப் 4-ஆகவே இருக்கும். நேரில் பார்க்கலாம்: ஃபோகஸை எம்எஃபுக்கு (கையால் திருப்பும் ஃபோகஸ்) மாற்றி, எஃப் 16, 1 நொடி வைத்து, லென்ஸின் முன்பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துங்கள். உள்ளே சின்னத் துளையாகச் சுருங்கி மீண்டும் விரிய வேண்டும். அப்படி நடக்காவிட்டால் வேறு லென்ஸை மாட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாறாக, எஃப் 16 படம் சரியாக இருந்து, 1/1000, 1/2000 படங்களில் ஒரு ஓரம் இருட்டினாலோ கறுப்புப் பட்டை விழுந்தாலோ ஷட்டரைச் சந்தேகியுங்கள். ஐஎஸ்ஓ 200, எஃப் 4, 1/4000 என்று இன்னொன்றும் எடுங்கள். பழுது இருந்தால் அதில் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். மெதுவான வேகத்தில் முதல் திரை முழுதாக விலகிய பிறகே இரண்டாவது கிளம்பும். வேகம் கூடக் கூட இரண்டாவது முந்திக் கிளம்பும். 1/4000-இல் படத்தைப் பதியும் சென்சார் மேல் ஓடுவது ஓரிரு மில்லிமீட்டர் அகலக் கீற்று மட்டுமே. தேய்ந்த திரை கொஞ்சம் தடுமாறினாலும் கீற்று மூடிக்கொள்ளும். மெதுவான வேகங்களில் அதே தடுமாற்றம் கண்ணுக்கே தெரியாது. நான்கு மூலைகளும் ஒரே மாதிரி லேசாக இருண்டால் அது ஷட்டர் இல்லை, துளை பெரிதாக இருக்கும்போது லென்ஸ்களில் வருவதுதான்.

படி 4: பொய்ப் பட்டைகள்

பட்டை விழுந்த உடனே ஷட்டர் போய்விட்டது என்று அழ வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் மட்டும் படத்தின் ஒரு பக்கம் கறுக்கிறதா? பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷுக்கான உச்ச வேகம் 1/200 அல்லது 1/250. அதைத் தாண்டினால் ஃபிளாஷ் அடிக்கும் நேரத்தில் இரண்டாவது திரை பாதி வழியில் நிற்கும். வேகத்தைக் குறைத்தால் தீர்ந்தது.

மண்டபத்துக்குள் மட்டும் வரிவரியாக விழுந்தால் அது விளக்கு. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் வரி மறையும். டொரன்டோவில் இருந்து படிப்பவர்களுக்கு 60 ஹெர்ட்ஸ். 1/60 அல்லது 1/120-க்கு அருகில் வையுங்கள். சைலண்ட் மோடு, அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர், இந்த வரிகளை இன்னும் மோசமாக்கும். மண்டபத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

படி 5: ஷட்டர் அடிக்கவே இல்லை

லென்ஸை எம்எஃபுக்குத் தள்ளி அழுத்துங்கள். அடித்தால் கேமரா நலம், ஃபோகஸ் கிடைக்காமல்தான் காத்திருந்தது: மிக அருகில் நின்றிருப்பீர்கள், அல்லது வெறும் சுவரையோ இருட்டையோ காட்டியிருப்பீர்கள். அப்படியும் அடிக்காவிட்டால் மெமரி கார்டின் பக்கவாட்டுப் பூட்டு, பேட்டரி அளவு, டைமர் மூன்றையும் பாருங்கள். பிறகு லென்ஸைக் கழற்றி, பித்தளை நிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, 'டிக்' என்று கேட்கும்வரை திருப்பி மாட்டுங்கள். மிரர்லெஸ்ஸில் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) பழைய மேனுவல் லென்ஸ் போட்டிருந்தால், லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்க மெனுவில் அனுமதி தர வேண்டியிருக்கும்.

முப்பது நொடி நட்சத்திரப் படம் எடுத்ததும் கேமரா உறைந்துவிட்டதாகப் பதறுகிறவர்கள் உண்டு. உறையவில்லை. நாய்ஸை (படத்தில் விழும் பொடிப் புள்ளிகளை) கழிக்க அது ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு முப்பது நொடி இருட்டைப் படம் எடுக்கிறது. அவசரப்பட்டு பேட்டரியைப் பிடுங்கினால் அந்தப் படம் போச்சு.

இனி கடைக்குப் போகலாம். ஷட்டர் திரையை விரலால் தொடாதீர்கள். டப்பா காற்றை அடிக்காதீர்கள், மெல்லிய தகடு ஒரே அடியில் மடங்கிவிடும். சுவரில் எடுத்த படங்களை அழிக்காமல் கார்டோடு கொண்டு போங்கள். "படம் சரியில்லை" என்றால் மொத்தக் கேமராவையும் வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். "எஃப் 8-க்கு மேல் வெளுக்கிறது, வேறு லென்ஸில் சரியாக இருக்கிறது" என்று சொன்னால், லென்ஸை மட்டும் கொடுத்துவிட்டு பாடியோடு வீடு திரும்பலாம்.