நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள்

தோட்டத்தில் பூச்சி பார்க்க ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைத்தான் நம்புவார்கள். மஞ்சளும் கருப்புமாக வரி இருந்தால் தேனீ, கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் குளவி. ஆனால் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் ஆடாமல் நிற்கிறதே, அது பல சமயம் இரண்டும் இல்லை. கொட்டவே முடியாத ஒருவகை ஈ. குளவி வேஷம் போட்டால் பறவை கிட்டே வரத் தயங்கும், அதற்குத்தான் அந்த வரிகள். இறக்கையை எண்ணிப் பார்க்கச் சொல்வார்கள்: ஈக்கு ஒரு ஜோடி, தேனீக்கும் குளவிக்கும் இரண்டு. சரிதான், ஆனால் தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் சின்னக் கொக்கிகளால் கோத்துக்கொண்டு ஒன்றாகவே தெரியும். அதைவிட முகத்தைப் பார்ப்பது சுலபம். தலையில் பாதிக்குமேல் கண்ணாகவும், உணர்கொம்பு இருக்கிறதா இல்லையா என்னுமளவுக்குக் குட்டையாகவும் இருந்தால் ஈ.

காலை எண்ண மறப்பது அடுத்த தவறு. எறும்புக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் தனியாகத் திரிந்தால் குனிந்து பாருங்கள். முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு, மீதி ஆறு காலில் நடக்கிறதா? அது எறும்பு வேடத்தில் இருக்கும் சிலந்தி. இலையைத் தட்டினால் நூலில் தொங்கி இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னைக் கேட்டால், இதெல்லாவற்றையும்விட மோசமான தவறு, இளம்பருவத்தை வேறு பூச்சி என்று நினைப்பது. செடியில் குட்டி முதலை போல, கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊர்ந்தவற்றை நான் ஒருமுறை சோப்புத் தண்ணீர் அடித்துக் கொன்றேன். அத்தனையும் பொறிவண்டின் புழுக்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சிகளைத் தின்று செடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவை. வண்டு மட்டும்தான் வட்டமாக, அழகாக இருக்கும். (அதன் புள்ளிகளை எண்ணி வயது சொல்வதும் வேண்டாம், புள்ளிக்கும் வயதுக்கும் சம்பந்தமில்லை.) சில வண்ணத்துப்பூச்சிகளின் புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். இரண்டையும் பார்த்தவர் இரண்டு பெயர் எழுதிவைப்பார். அப்புறம், சின்ன ஈ பெரிய ஈயின் குட்டி இல்லை. இறக்கை முழுதாக வந்த பிறகு பூச்சி வளர்வதில்லை.

பகலில் பறந்தால் வண்ணத்துப்பூச்சி, இரவில் என்றால் அந்துப்பூச்சி என்ற கணக்கும் உதவாது. பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் நிறைய. உணர்கொம்பின் நுனி குமிழ் போலத் தடித்திருந்தால் பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சி.

முதுகை மட்டும் ஒரு படம் எடுத்துவிட்டு, செயலி சொல்லும் முதல் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, முடிந்தால் வயிற்றுப் பக்கமும். எந்தச் செடியில் இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புழு என்றால் பாதி விடை அந்த இலையில்தான் இருக்கிறது. அப்படியும் பல சின்ன ஈக்களை உருப்பெருக்கியில் வைத்து உறுப்புகளை ஆராயாமல் நிபுணர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதற்கெல்லாம் குறிப்பேட்டில் "ஏதோ ஒரு ஈ" என்று எழுதினால் போதும்.