வழக்கொழிந்த ஆங்கில வட்டாரச் சொல்லின் வேரைத் தேடும் முறை

‘அட்டர்காப்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வட இங்கிலாந்தில் சிலந்திக்கு வழங்கிய இச்சொல்லை, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஜோசப் ரைட்டின் ஆங்கில வட்டார வழக்கு அகராதியில் முதலில் தேடுங்கள். அங்கே சிலந்தியோடு நின்றுவிடாமல், சிலந்தி வலை, சிடுசிடுப்பான ஆள் என்ற பொருள்களையும் காண்பீர்கள். ஒவ்வொரு பொருளும் எந்த மாவட்டத்துக்கு உரியது என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். இடத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் எழுதிக்கொள்வதே தொடக்கநிலை ஆய்வாளர்கள் அதிகம் செய்யும் பிழை.

அடுத்து, காலவரிசையில் மேற்கோள்களைத் தரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் பழைய வடிவத்தைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் இது ‘ஆட்டர்காப்பா’. முற்பகுதியான ‘ஆட்டர்’ என்பதற்கு நஞ்சு என்று பொருள். மனிதரைக் குறிக்கும் வசைப்பொருள் எங்கிருந்து கிளைத்தது என்பது இந்த இடத்தில் விளங்கத் தொடங்கும்.

எழுத்துக்கூட்டல் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், ஒலிக்கும் விதத்தை வைத்து வேறு வடிவங்களையும் தேடுங்கள்.

இனி உறவுச் சொற்கள். டேனிஷ் மொழியில் சிலந்தி இன்றும் ‘எடர்கோப்’ தான். எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறு: ஒட்டடையைக் குறிக்கும் ‘காப்வெப்’ என்ற இன்றைய ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி, சிலந்தியைக் குறித்த அதே ‘காப்’ தான். முழுச்சொல் மறைந்த பின்னும் அதன் பாதி அன்றாடப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

கடைசியாக, ஹரால்டு ஆர்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் நடத்தப்பட்ட ஆங்கில வட்டார வழக்குக் கள ஆய்வோடு ஒப்பிட்டு, சொல் எதுவரை பேச்சில் இருந்தது என்பதைச் சரிபாருங்கள்.